பேனா வாங்கப் போன கதை: போட்டோ திருத்த எந்த டேப்லட், எந்த மென்பொருள்?

"டேப்லட்" என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மூன்று அர்த்தம். அம்மாவுக்கு அது காலையில் போடும் பிரஷர் மாத்திரை. தம்பிக்கு அது பெரிய சைஸ் போன். எனக்கு, கடந்த ஆறு மாதமாக, கணினியோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பலகையும் அதன் பேனாவும். இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பேனாவை வைத்துப் போட்டோ திருத்த எந்த மென்பொருள் சரிப்படும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதல் அர்த்தத்தை மறந்துவிட வேண்டாம். இங்கேயும் பிரஷர்தான் விஷயமே :)

ஓவியம் வரைகிறவர்கள் எந்த டேப்லட் வாங்கலாம் என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஓவியம் வராது. நான் மாடு வரைந்தால் அதைப் பார்ப்பவர் பூனை என்பார், நாயென்று வாதாடுவாரும் உண்டு. எனக்கு வேண்டியது வேறு. பழைய போட்டோக்களைச் சுத்தம் செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்தது, மடிந்து வெடித்தது, மூலை கிழிந்தது, முகத்தின் மேல் புள்ளி புள்ளியாய்ப் பழுப்பேறியது என்று நம் வீட்டு அலமாரிகளில் எத்தனையோ கிடக்கின்றன. எங்கள் குடும்பத்தில் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. அதில் ஒன்றுக்கு மட்டும் அவசரம். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் இருந்தவை: ஐந்து வருடம் ஓடிய, 8 ஜிபி ராம் கொண்ட ஒரு லேப்டாப், விடுமுறையில் சேர்த்த 5,000 ரூபாய், கல்லூரி போக மிச்சமிருக்கும் மாலை நேரம். இயற்பியல் படிக்கிறவன் என்பதால், கடைக்காரர் சொல்லும் எண்களை அப்படியே நம்பாமல் ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கமும் இருந்தது. அது நன்றாகவே உதவியது.

மவுஸ் ஏன் போதாது?

மவுஸுக்கு இரண்டே சங்கதிகள்தான் தெரியும்: எந்தப் பக்கம் நகர்ந்தோம், பொத்தான் அமுங்கியதா இல்லையா. எவ்வளவு அழுத்தினோம் என்று அதற்குத் தெரியாது. லேசாக ஒரு கருமை வேண்டும் என்றால், மென்பொருளில் தூரிகையின் அடர்த்தியை 10 சதவீதம் என்று முதலில் வைத்துக்கொண்டு, பிறகு தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூட வேண்டுமா? நிறுத்து, எண்ணை மாற்று, மறுபடி தேய். ஒரு கன்னத்தைச் சரி செய்வதற்குள் நூறு முறை எண்ணை மாற்றியாக வேண்டும்.

பேனாவில் அந்த எண்ணைக் கையே மாற்றிக்கொண்டிருக்கும். அழுத்தினால் அடர்த்தி கூடும், விட்டால் குறையும். நாம் யோசிப்பதே இல்லை, பென்சிலில் எழுதும்போது யோசிப்பதில்லையே, அதுபோல.

இது ஒன்றும் கணினிக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. எங்கள் தெருமுனையில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை ஸ்டுடியோ தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காலத்தில் 'டச்சிங்' என்று ஒரு வேலை இருந்தது. சாய்வான மேசை, நடுவே ஒரு கண்ணாடி, அதன் பின்னால் வெளிச்சம். நெகட்டிவை அதில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அதன் மேலேயே வேலை செய்வார்கள். பென்சில் பிடிப்பதற்காக முதலில் ஒரு திரவத்தைத் தடவிக்கொள்வதும் உண்டு.

அதன் கணக்கு அழகானது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் உள்ள சுருக்கம் பிரின்டில் கறுப்புக் கோடு, நெகட்டிவில் அதுவே வெளிச்சம் புகும் தெளிவான கோடு. அந்த இடத்தில் பென்சில் கரியை ஏற்றினால் வெளிச்சம் குறைவாகப் புகும், பிரின்டில் அந்தக் கோடு வெளுத்துவிடும். எவ்வளவு கரி என்பதில்தான் வித்தை. கூடிப் போனால் முகத்தில் வெள்ளைத் தழும்பு விழும்.

டேப்லட் வாங்கப் போகிறேன் என்றதும் தாத்தா சொன்னது இதுதான்: "தம்பி, எதை வேணாலும் வாங்கிக்கோ. கோடு இழுக்காதே, புள்ளி புள்ளியா வை. கை அவசரப்பட்டா மூஞ்சி மாறிடும்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லலாம்.

ஒரே தட்டில் முடிகிற வேலைக்கு எதற்கு இந்தப் பாடு?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆளே இல்லை. நியாயமான கேள்விதான். போனில் போட்டோவைக் கொடுத்தால், பத்து நொடியில் கீறல் போய், மங்கல் போய், கலர் கூடப் போட்டுத் தரும் செயலிகள் இன்று நிறைய இருக்கின்றன. அப்புறம் எதற்குப் பேனா, பலகை, மாலை முழுக்கக் கண் எரிச்சல்?

இங்கேதான் நான் அவசரம் என்று சொன்ன அந்தப் போட்டோ வருகிறது. அது என் கொள்ளுப்பாட்டியின் படம். பின்பக்கம் பென்சிலில் 1956 என்று எழுதியிருக்கிறது. அவருக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். அந்த முகத்தை நேரில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர், கொள்ளுப்பாட்டியின் மகள். என் அப்பாவுக்கு அத்தை, எனக்கு அத்தைப்பாட்டி. வயது 86. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, இன்னொன்றில் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. இந்தப் படத்தைச் சரி செய்தால், சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இன்னும் சில வருடம் கழித்துச் செய்தால் கேட்க ஆளிருக்காது.

சித்தப்பா மகன் ஒரு நாள் அந்தப் படத்தைப் போனில் எடுத்து, ஒரே தட்டில் புதுசாக்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். பளபளவென்று இருந்தது. எல்லோரும் இதயம் விட்டார்கள். அத்தைப்பாட்டியிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "லட்சணமா இருக்கா. யாருடா இது?" என்றார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை.

காரணம் எளிமையானது. இந்த மாதிரிச் செயலிகள் எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. பொதுவாக அங்கே என்ன இருக்கும் என்றுதான் தெரியும். அதை வரைந்து வைத்துவிடும். இரண்டு கண்ணும் ஒரே அளவாகிவிடும், தோல் மழமழவென்று ஆகிவிடும், உதடு சினிமா உதடாகிவிடும். கூட்டத்தின் சராசரிதான் அழகாக இருக்கிறது, என்ன செய்ய? ஆனால் நமக்கு வேண்டியது சராசரி அல்ல, அந்த ஒரு ஆள்.

செயலிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. வானம், சுவர், திரைச்சீலை, தரையில் கிடக்கும் நூறு தூசிப் புள்ளிகள் இதற்கெல்லாம் தானியங்கி முறை அருமையாக வேலை செய்யும். முகத்துக்கு வரும்போது மட்டும் கை வேண்டும். ஆகவே முகத்துக்கு வேண்டிய கருவியைத்தான் தேட வேண்டும் என்று முடிவானது.

டேப்லட்: எந்த எண்ணைப் பார்ப்பது, எதை விடுவது?

திரை உள்ளதா, இல்லாததா? திரை உள்ளதில் படத்தின் மேலேயே பேனாவை வைக்கலாம். கேட்க நன்றாக இருக்கும், என் பட்ஜெட்டைப் போல எத்தனையோ மடங்கு விலை. விலையை விட்டுப் பார்த்தாலும், போட்டோ வேலைக்குத் திரை இல்லாததில் ஒரு வசதி உண்டு: நம் கை படத்தை மறைக்காது. தலை குனிந்தே உட்கார்ந்து கழுத்து வலிக்காது. நிறத்தையும் ஒரே திரையில்தான் பார்க்கிறோம், இரண்டு திரையில் இரண்டு நிறம் தெரிந்து குழம்ப வேண்டாம்.

அழுத்த நிலைகள். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பது இதைத்தான்: 2048, 4096, 8192, இப்போது 16384 வரை வந்துவிட்டது. காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். 2048 நிலைகள் என்றால் ஒரு படி சுமார் 0.05 சதவீதம். நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜேபெக் படத்தில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே மொத்தமே 256 படிகள், அதாவது ஒரு படி சுமார் 0.4 சதவீதம். ஆக 2048 என்பதே படத்தின் படிகளைவிட எட்டு மடங்கு நுணுக்கம். அதற்கு மேல் கூடும் எண்ணை நம் விரல் உணரப் போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு லேசாகத் தொட்டால் பேனா விழித்துக்கொள்கிறது? சில பேனாக்கள் ஒரு குத்து குத்தினால்தான் கோடு தொடங்கும். அதை வைத்துக்கொண்டு 8192 இருந்து என்ன, 16384 இருந்து என்ன? கடையில் சோதிக்க விட்டால், பேனாவின் சொந்த எடை மட்டும் படும்படி இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் நல்ல பேனா.

நுணுக்கம். அங்குலத்துக்கு 2540 கோடு, 5080 கோடு என்று போட்டிருப்பார்கள். 2540 என்றால் மில்லிமீட்டருக்கு 100. அகலம் 152 மில்லிமீட்டர் உள்ள சின்னப் பலகையிலேயே 15,200 இடங்களைப் பிரித்தறியும். முழு எச்டி திரையின் அகலமே 1920 புள்ளிதான். 5080க்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பரப்பளவு. இதுதான் உண்மையில் முக்கியம். பலகை முழுவதும் திரை முழுவதற்கும் சமம். 1920 புள்ளித் திரையை 152 மில்லிமீட்டரில் அடக்கினால், கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையில் சுமார் 13 புள்ளி தாண்டும். 216 மில்லிமீட்டர் அகலப் பலகையில் சுமார் 9 புள்ளிதான். என் லேப்டாப் திரை 1366 புள்ளி. அதற்குச் சின்னப் பலகையிலேயே 9 வந்துவிடுகிறது. ஆக, சின்னத் திரைக்குச் சின்னப் பலகை போதும். பெரிய மானிட்டர் வைத்திருப்பவர்கள் நடுத்தர அளவுக்குப் போகலாம். முழங்கையை அசைத்து நீளமாக வளைவு வரைகிறவர்களுக்குப் பெரிய பலகை தேவை. நாம் செய்வது மணிக்கட்டு வேலை. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு சின்ன இடத்தில் புள்ளி வைப்பது. பெரிய பலகை இதற்குக் கைவலிதான்.

விகிதம். பல பலகைகள் 16:10, பல திரைகள் 16:9. அப்படியே விட்டால் நீங்கள் வட்டம் போட்டால் திரையில் கொஞ்சம் அமுங்கிய வட்டமாக விழும். அமைப்பில் 'விகிதத்தைக் காப்பாற்று' என்கிற மாதிரி ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிட வேண்டும். பலகையின் கீழே ஒரு விரலளவு வீணாகும், பரவாயில்லை.

பேனாவின் மின்சாரம். 1983ல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனமான வாகாமின் பேனாக்களில் பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் அனுப்பும் மின்காந்த அலையிலேயே பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிர்ந்து பதில் அனுப்பும். முனையை அழுத்தினால் அந்த அதிர்வு மாறும், பலகை அதை அழுத்தமாகப் படித்துக்கொள்ளும். (இயற்பியல் மாணவனுக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது. ஆய்வகத்தில் தூங்கி வழிந்த அதே ஒத்திசைவுச் சோதனை!) முன்பு மற்ற நிறுவனங்களின் பேனாக்களுக்குப் பேட்டரி போட வேண்டும், அல்லது சார்ஜ் ஏற்ற வேண்டும். இப்போது ஹுயோன், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் பேட்டரி இல்லாத பேனாவையே தருகின்றன. பழைய மாடலை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவர். பலகை நன்றாக இருந்து அதன் மென்பொருள் சொதப்பினால் எல்லாம் வீண். விண்டோஸில் பேனாவைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு, வின்டேப் என்று பழையது, விண்டோஸ் இங்க் என்று புதியது. அழுத்தம் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு, பலகை ஒரு வழியிலும் மென்பொருள் இன்னொரு வழியிலும் நிற்பதுதான் வியாதி. இரண்டையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்தால் குணமாகிவிடும். ஒரே கணினியில் இரண்டு நிறுவனங்களின் டிரைவர்களை வைத்துக்கொண்டாலும் சண்டை வரும். நான் லினக்ஸ் ஆள். வாகாம் பலகைகளுக்கான ஆதரவு லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, செருகினால் போதும். மற்ற நிறுவனங்களின் பல மாடல்களுக்கும் ஆதரவு உண்டு, ஆனால் மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் போட்ட பிறகு என் பட்டியலில் நின்றவை மூன்று. 'ஒன் பை வாகாம்' சின்னது: 152 × 95 மில்லிமீட்டர், 2048 நிலை, பலகையில் பொத்தானே கிடையாது. ஹுயோன் எச்640பி: 160 × 100 மில்லிமீட்டர், 8192 நிலை, பலகையில் ஆறு பொத்தான். எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2: 10 × 6.25 அங்குலம், 8192 நிலை, எட்டுப் பொத்தான். எண்களை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் நோஞ்சான். வாங்கியது அதைத்தான். என் திரைக்கு அந்த அளவு போதும், லேசான தொடுதலுக்கே கோடு விழுந்தது, லினக்ஸில் செருகியவுடன் ஓடியது. பொத்தான் இல்லாததற்கு இடது கை விசைப்பலகையில் இருக்கிறது. பெரிய மானிட்டரும் விண்டோஸும் வைத்திருக்கும் நண்பனுக்கு டெகோவைத்தான் சொன்னேன், அவனும் சந்தோஷமாக இருக்கிறான். ஆக, எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. யாருக்கு, எந்தத் திரைக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் வரும்.

மென்பொருள்: வாடகை வீடா, சொந்த வீடா?

பலகை 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. பணமே வாங்காத மென்பொருள்தான் அதிக நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

போட்டோஷாப். 1990ல் அடோபி வெளியிட்டது. தொடங்கி வைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நால், கூடச் சேர்ந்தவர் அவர் தம்பி ஜான் நால். போட்டோ திருத்தத்தில் அதுதான் ராஜா, மறுக்க முடியாது. பக்கத்துத் தோலின் சாயலை எடுத்து ஒட்டும் 'ஹீலிங் பிரஷ்' 2002லேயே அதில் வந்துவிட்டது. ஆனால் 2013லிருந்து அதன் புதிய பதிப்புகள் சந்தாவுக்குத்தான். பணம் கட்டும் வரை வேலை செய்யும். மாணவர்களுக்குச் சலுகை உண்டு, மாணவனாக இருக்கும் வரை. நான் செய்யும் வேலையோ டிரங்குப் பெட்டி காலியாகும் வரை, வருடக்கணக்கில் ஓடப் போவது.

'அதான் கிராக் இருக்கே' என்று ஒரு குரல் கேட்கிறது. எனக்கும் கணினியை அசெம்பிள் செய்து தந்தவர் 'எல்லாம் போட்டுத் தரேன் தம்பி' என்றுதான் சொன்னார். உபதேசம் செய்ய வரவில்லை. ஒரு நடைமுறைக் காரணம் மட்டும் சொல்கிறேன். பூட்டை உடைத்தவர் வேறு எதையும் உள்ளே வைக்கவில்லை என்று யார் உறுதி தருவார்? குடும்பத்தின் ஒரே பிரதிகள் எல்லாம் இருக்கும் கணினியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

அஃபினிட்டி. இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனத்துடையது. ஒரு முறை பணம் கட்டினால் போதும் என்று பல வருடம் பெயர் வாங்கியது. 2024ல் கான்வா அந்த நிறுவனத்தை வாங்கியது, 2025 அக்டோபரில் அதை இலவசமாகவே ஆக்கிவிட்டது, ஒரு கான்வா கணக்கு மட்டும் வேண்டும். விண்டோஸோ மேக்கோ வைத்திருப்பவர்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன். லினக்ஸுக்குக் கிடையாது என்பதால் எனக்கு வாய்க்கவில்லை.

கிரிட்டா. இலவசம், திறந்த மூலம். பேனாவை இவ்வளவு மரியாதையாக நடத்தும் மென்பொருள் அபூர்வம். பெயருக்கே சுவீடிஷ் மொழியில் சாக்குக்கட்டி, வண்ணக்கட்டி என்று அர்த்தம். அதிலேயே தெரிந்துவிடுகிறது, இது வரைகிறவர்களின் வீடு. போட்டோ வேலையும் முடியும், ஆனால் விருந்தாளியாகத்தான் உட்கார வேண்டும்.

ஃபோட்டோபீ. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஓடும், பிஎஸ்டி கோப்பைத் திறக்கும். கல்லூரிக் கணினியில் அவசரத்துக்கு அருமை. பெரிய படத்தை ஏற்றினால் என் லேப்டாப் மூச்சு வாங்கியது.

ஜிம்ப். 1995ல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. (போட்டோஷாப்பும் மாணவர், இதுவும் மாணவர்கள். நாம்தான் இன்னும் அசைன்மென்ட் காப்பியடித்துக்கொண்டிருக்கிறோம்.) 2018ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட் நிறத்தில் வேலை செய்ய முடிகிறது. பழைய போட்டோவுக்கு இது முக்கியம். மங்கிப்போன படத்தின் சாம்பல் நிறங்களை இழுத்து விரிக்கும்போது, 8 பிட்டில் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாய்த் தெரியும், 16 பிட்டில் தெரியாது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட விளைவைப் பிறகு மாற்றிக்கொள்ளும் வசதியும் சேர்ந்துவிட்டது. குறுக்கே போகும் மின்கம்பி போன்றவற்றைச் சுற்றியுள்ளதை வைத்தே நிரப்பும் ரீசிந்தசைசர் என்ற செருகுநிரல், போட்டோஷாப்பில் அந்த வசதி 2010ல் வருவதற்கு முன்பே ஜிம்புக்கு இருந்தது.

நான் ஜிம்பில் நின்றுவிட்டேன். இலவசம் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி: பத்து வருடம் கழித்து இந்தக் கோப்பைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், யாருக்கும் சந்தா பாக்கி இருக்காது. அழகில் போட்டோஷாப் அளவுக்கு இல்லை, மெனுக்கள் சில இடத்தில் ஒளிந்து விளையாடும். சொந்த வீடு என்றால் ஓட்டை ஒழுகலும் நம்முடையதுதானே.

ஜிம்பில் பேனாவைப் பழக்குவதற்கு இரண்டு குறிப்புகள். 'இன்புட் டிவைசஸ்' பகுதியில் பேனா 'டிஸேபிள்ட்' என்று இருந்தால் 'ஸ்கிரீன்' என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் தெரியாது. பிறகு தூரிகையின் 'டைனமிக்ஸ்' பகுதியில் 'பிரஷர் ஒபாசிட்டி'யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகத்துக்கு அழுத்தம் அடர்த்தியை மாற்றினால் போதும். அழுத்தம் அளவையும் மாற்றினால் குழப்பம். கீறல் நெடுக ஓடும்போது மட்டும் அளவு மாறுவது உதவும்.

பழகும் நாட்கள்

முதல் வாரம் கை மேசையில், கண் திரையில் என்பதே விநோதமாக இருக்கும். மவுஸை எங்கே எடுத்து வைத்தாலும் அம்பு விட்ட இடத்திலேயே இருக்கும். பேனாவிலோ, பலகையின் இடது மூலை என்றால் திரையின் இடது மூலை, அவ்வளவுதான். மவுஸை ஒளித்துவைத்துவிட்டு, இணையம் பார்ப்பது முதல் பாட்டு மாற்றுவது வரை பேனாவிலேயே செய்யுங்கள். பத்துப் பதினைந்து நாளில் கை தானே வழி கண்டுபிடிக்கும். பேனாவின் பிளாஸ்டிக் முனை தேயும், அதைப் பிடுங்கி மாற்றலாம், மாற்று முனைகள் பேனாவோடு வருகின்றன. ஒரு முனை எத்தனை நாள் என்பது உங்கள் அழுத்தத்தைப் பொறுத்தது. அதற்காகவாவது லேசாக அழுத்தப் பழகுங்கள்.

கொள்ளுப்பாட்டியின் படம்

படம் 4 × 6 அங்குலம். 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 2400 × 3600, அதாவது 86 லட்சம் புள்ளி. 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தேன், 50 எம்பிக்கு மேல் வந்தது. மூலக் கோப்பைத் தனியாக இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, பிரதியில்தான் வேலை. ஃபிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் படங்களைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

பின்னணித் திரையையும் சேலையையும் தானியங்கி முறையில் முடித்தேன், ஒரு மாலை. முகத்துக்கு ஒன்பது மாலைகள். தூசிக்கும் பழுப்புக்கும் தனி லேயர், வெடிப்புக்குத் தனி லேயர், வெளுப்பு கருப்புக்குத் தனி லேயர். தாத்தா சொன்னபடி கோடு இழுக்கவில்லை, புள்ளிகள்தான். கன்னத்தில் ஒரு பழுப்புத் திட்டை எடுக்க முந்நூறு புள்ளியாவது வைத்திருப்பேன்.

இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன வெளுத்த கோடு இருந்தது. படம் முழுக்க அதே மாதிரி வெடிப்புகள், அதிலொன்று போலத்தான் இதுவும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் மற்ற வெடிப்புகளின் ஓரம் கூர்மையாக இருந்தது, இதன் ஓரம் மட்டும் மென்மையாகத் தோலோடு கலந்திருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. ஒரே தட்டில் செய்த படத்தை எடுத்துப் பார்த்தேன், அதில் அந்தக் கோடு சுத்தமாக இல்லை. இதைத் தீர்ப்பு சொல்ல மென்பொருளும் தெரியாது, நானும் தெரியாது. அத்தைப்பாட்டிக்குப் போன் போட்டேன்.

"அது கிணத்தடியில வழுக்கி விழுந்தது. ராட்டினத்துல அடிபட்டுச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு, ரத்தத்தைப் பாத்து நான்தான் அதிகமா அழுதேன்," என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அந்தக் கிணறு, அந்த வீடு, தழும்பை மறைக்க அம்மா முடியைக் கொஞ்சம் இழுத்துச் சீவிக்கொள்வது என்று எங்கள் அப்பாவுக்கே தெரியாத கதைகள். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

தழும்பை அப்படியே விட்டேன். 8 × 12 அங்குலத்தில் பிரின்ட் போட்டுக் கொண்டுபோனபோது, அத்தைப்பாட்டி முதலில் தொட்டது புருவத்தைத்தான். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா," என்றார், அவ்வளவுதான்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். உங்கள் திரையை அளந்துகொள்ளுங்கள், பேனா லேசான தொடுதலை உணர்கிறதா என்று பாருங்கள், மென்பொருள் நாளைக்கும் உங்களுடையதாக இருக்குமா என்று கேளுங்கள். பிறகு கடைசியாக ஒன்று: சந்தேகம் வரும் இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள விடுகிற கருவியாக வாங்குங்கள். வேகமாக முடித்துத் தருகிற கருவிகள் நிறைய வரும், இன்னும் மலிவாகவும் வரும். 'இது வெடிப்பா, தழும்பா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற ஆட்கள்தான் நம் வீடுகளில் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். டேப்லட்டை அடுத்த மாதம் கூட வாங்கிக்கொள்ளலாம். டிரங்குப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.